இடது ஓரத் தேய்மானம்

டயரைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வது என் வழக்கம். முழுப் பொய்யும் இல்லை. இருபது வருடமாகச் சக்கரத்துக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து முழங்கால் தேய்ந்தவன் நான். நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்றை அளவுக்கு மேல் அடிக்கிற ஆள். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்றே பார்க்காத சோம்பேறி. பக்கவாட்டில் கீறல் இருந்தால் நடைபாதையில் உரசி நிறுத்துகிறவர், அதுவும் போனில் பேசிக்கொண்டே. இப்படிச் சொல்லிச் சொல்லி நாலு பேர் ஆமாம் போட்டதும் எனக்குத் தலைகால் புரியாமல் போய்விட்டது. அந்த வாய்தான் எதிர் வீட்டில் கொண்டுபோய் நெருப்பை வைத்தது.

எதிர் வீடு பஸ்காரர் வீடு. நகரப் பேருந்து ஓட்டுகிறவர். இருபத்தாறு வருடத்தில் ஒரு சின்ன உரசல்கூடக் கிடையாது. முன்னால் வந்த பஸ்ஸை விட்டுவிட்டு அவருடைய பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் வயசாளிகள் உண்டு. நின்றுகொண்டு வருகிறவர்கள் கம்பியைப் பிடிக்காமலே வரலாம் என்பார்கள். நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய மனைவி, அதாவது அண்ணி, ஜன்னலோரம் மெஷினைப் போட்டுக்கொண்டு வீடுகளுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுப்பவர். ஒரே பெண். ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை.

அண்ணிக்கு வண்டி என்றாலே உதறல். அவருக்கு எட்டு வயதாக இருக்கும்போது அவருடைய அப்பா ஒரு லாரியில் ஏறி வேலைக்குப் போனார். லாரியும் வரவில்லை, அப்பாவும் வரவில்லை. அன்றிலிருந்து தெருவில் யாராவது பிரேக் போட்டால் தையல் நின்றுவிடும். அப்படிப்பட்டவர் ஒரு டிரைவரைக் கட்டிக்கொண்டது ஏன் என்று ஒருநாள் விளையாட்டாகக் கேட்டேன். "இவர் ஓட்டினா மட்டும்தான் தம்பி எனக்கு வயிறு கலங்கறதில்ல," என்றார். அதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

அந்த வீட்டுக்குத்தான் பெண் அந்தக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினாள். யாரோ மூன்று வருடம் ஓட்டிவிட்டு விற்றது. பார்க்கக் காய்கறி வாங்கப் போகிறவர்கள் ஓட்டுகிற சின்னக் கார் மாதிரிதான் இருக்கும். பின்கதவைத் தூக்கினால் இரண்டு பை வைக்கலாம், அவ்வளவுதான். ஆனால் டயர் அகலம், ஓரம் சப்பை. சக்கரத்துக்குள்ளே தட்டு அகலத்துக்கு பிரேக். பின்னால் இரண்டு புகைக்குழாய். இந்தச் சின்ன உடம்புக்குள் இருநூறு குதிரைக்கு மேல் கட்டிவைத்திருக்கிறார்கள். "இதுக்குப் பேரு ஹாட் ஹேட்ச், சித்தப்பா," என்று பெண் சொல்லிக்கொடுத்தாள். அண்ணி அதற்குக் குளவி என்று பேர் வைத்தார். தெருவில் அந்தப் பேர்தான் நின்றது.

இதை எதற்கம்மா வாங்கினாய் என்று கேட்டதற்கு, நாள் முழுக்க அடுத்தவர் ரத்தத்தை ஒரு சொட்டு சிந்தாமல் கை நடுங்காமல் மாற்றிக்கொண்டே இருக்கிறேன், எனக்கென்று ஒன்று வேண்டாமா என்றாள். சரி என்றுதான் எனக்கும் பட்டது.

முதல் வாரம் பூராவும் அண்ணன் கேள்வியாகக் கேட்டுத் தள்ளினார். சாயங்காலம் டீ குடிக்க என் கடைக்கு வருவார். பெண் வேலை முடிந்து வந்து நிறுத்துவாள். அணைத்த பிறகும் விசிறி ஏன் ஓடுகிறது. உசத்தி பெட்ரோல்தான் போடவேண்டும் என்று ஏன் மூடியிலேயே எழுதியிருக்கிறது, மற்றது போட்டால் என்ன ஆகும். எஞ்சின் சூடேறுவதற்குள் அழுத்தக்கூடாது என்கிறார்களே, எத்தனை நிமிஷம். நிறுத்துவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் சும்மா ஓடவிடவேண்டுமாமே. வேகத்தடையில் நேராக ஏறினால் அடி தட்டுமா. மிதித்தால் ஸ்டியரிங் கையைப் பிடித்து இழுக்கிறதே, அது நோயா குணமா. பெண் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். அவளோடு முதல்முறை உட்கார்ந்து போனபோது அண்ணன் வழியெல்லாம் வலது காலால் தரைவிரிப்பை மிதித்துக்கொண்டே போனாராம். அங்கே பிரேக் இல்லப்பா என்று அவள் சிரித்திருக்கிறாள்.

அவள் போவதெல்லாம் ஆஸ்பத்திரிக்கு. நாலு கிலோமீட்டர், ஏழு சிக்னல். குளவிக்குச் சிறகு விரிக்கவே இடமில்லை. புதன்கிழமை அண்ணனுக்கு ஓய்வு. அன்று பெண் நடந்துபோவாள், அண்ணன் காரைக் கழுவித் துடைத்து, காற்றுப் பார்த்துக்கொண்டு வருகிறேன் என்று எடுத்துக்கொண்டு போவார். பேட்டரி இறங்கக்கூடாது, கொஞ்சம் ஓடினால்தான் நல்லது என்பார்.

அண்ணி நாளுக்கு நாள் இளைத்தார். காலையில் அந்த எஞ்சின் உறுமியதும் கடிகாரத்தைப் பார்ப்பார். பதினாலு நிமிஷத்தில் பெண்ணிடமிருந்து செய்தி வரவேண்டும். பதினைந்தானால் கை ஊசியில் குத்திக்கொள்ளும். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் வாசலுக்கு வந்து அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்பார். நான் கடையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருப்பேன். பாவமாக இருக்கும். அந்தப் பயத்தைக் கிண்டல் பண்ண என் வாய்க்கும் வரவில்லை.

மழை தொடங்கிய மாதம் ஒரு காலையில் அண்ணி கடைக்கு வந்தார். அளவு நாடா கழுத்தில் தொங்கியபடியே. அன்று பெண்ணுக்கு மதிய ஷிப்ட், கார் வாசலில்தான் நின்றது.

"தம்பி, நீங்க டயரப் பாத்தே ஆளச் சொல்லுவீங்களாமே. அவ எப்படி ஓட்டறான்னு பாத்துச் சொல்லுங்க. கேட்டா மெதுவாத்தான் போறேங்கறா. எனக்கு உண்மை தெரிஞ்சாகணும்."

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்க் குந்தினேன். முன் இடது டயரின் வெளி ஓரம் ரம்பம் மாதிரி ஆகியிருந்தது. கையை ஒரு பக்கமாகத் தடவினால் வழவழப்பு, மறுபக்கம் தடவினால் முள். ரப்பர் சூடாகி உருண்டு ஓரமெல்லாம் துகளாக ஒட்டியிருந்தது. வலதும் அப்படித்தான், கொஞ்சம் குறைவு. வளைவில் வேகத்தைக் குறைக்காமல் வண்டியைத் தூக்கிப் போட்டால்தான் இப்படித் தேயும். சிக்னல் சிக்னலாக நின்று போகிற வண்டிக்கு இந்தத் தேய்மானம் வரவே வராது. இதையெல்லாம் நான் அண்ணிக்கு விரலால் தொட்டுக் காட்டி விளக்கினேன். அவரும் தொட்டுப் பார்த்தார். பிறகு அளவு நாடாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "உயிரோட இருக்கறதே பெரிசுங்கறீங்க," என்றார். நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். தலையை ஆட்டிவைத்தேன்.

அன்று ராத்திரி சாட்சி சொல்ல என்னையும் கூப்பிட்டார்கள். பெண் ஷிப்ட் முடிந்து கையில் மருந்து வாசனையோடு நின்றாள். நான் சொன்னதைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், வருகிறேன், வேறு எங்கேயும் போனதில்லை என்றாள். டயர் பொய் சொல்லாதம்மா என்று நான் ஒத்து ஊதினேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அப்பாவிடம் திரும்பினாள்.

"அப்பா, நீங்க சொல்லுங்க. உங்களுக்குத் தெரியும்ல, நான் எப்படி ஓட்டுவேன்னு."

அண்ணன் சுவரோரம் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார். கழற்றி முடித்துவிட்டு, "கொஞ்ச நாள் வண்டி நிக்கட்டும்," என்றார். அவ்வளவுதான் பேசினார்.

 பெண் சாவியைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தாள். அண்ணி அதை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தார். "இனிமே இது உங்ககிட்டதான் இருக்கணும். நீங்க வெச்சிருந்தாத்தான் நான் தூங்குவேன்." முன் டயர் இரண்டையும் மாற்றச் சொன்னார்கள். மறுநாளே புதுசு மாட்டினேன்.

அதற்குப் பிறகு ஐந்து வாரம் பெண் மழையில் குடை பிடித்துக்கொண்டு நடந்தே போனாள். என் கடையைத் தாண்டும்போது சித்தப்பா என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். அண்ணி கொஞ்சம் தெளிந்தார். கன்னத்தில் சதை வைத்தது. டியூட்டி முடிந்து வந்ததும் அண்ணன் தினமும் ஒரு சுற்றுக் காரை எடுத்துக்கொண்டு போவார். தெருவைத் தாண்டும்வரை நத்தை மாதிரி போவார். வேகத்தடையில் குறுக்கே சாய்த்து ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்குவார். ஜன்னலில் அண்ணி தலைநிமிராமல் தைத்துக்கொண்டிருப்பார். அவர் எடுத்தால் அந்தச் சத்தமே காதில் விழுவதில்லை என்று என்னிடம் சொன்னார்.

ஆறாவது புதன்கிழமை. காலையிலிருந்து தூறல். அண்ணன் காரைக் கொண்டுவந்து என் கடைமுன் நிறுத்தினார். இறங்கவில்லை. ஒரு நிமிஷம் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு அப்புறம்தான் அணைத்தார். "ஸ்டியரிங் கொஞ்சம் அடிச்சுக்குது, பாரு," என்றார்.

குந்திப் பார்த்தேன். நான் மாட்டிய டயர். புது டயரில் நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் ரோமம்கூட உதிர்ந்திருக்கக்கூடாத வயசு. வெளி ஓரம் பாதிக்கு மேல் போயிருந்தது. அதே ரம்பம், அதே துகள். சக்கரத்துக்குள் டார்ச் அடித்தேன். பிரேக் வட்டு வெந்து நீலம் பாய்ந்திருந்தது. ஆழம் பார்க்கிற கருவியை மூன்று இடத்தில் குத்திப் பார்த்தேன். கருவி கெட்டுப்போயிருந்தால் தேவலை என்று இருந்தது.

ஐந்து வாரமாகப் பெண் இந்தக் காரைத் தொடவே இல்லை. அண்ணிக்கு ஓட்டவே தெரியாது.

எழுந்திருக்காமலே தலையைத் தூக்கி, "அண்ணி கத்துக்கிட்டாங்களா என்ன," என்றேன். சிரிப்பார் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பக்கத்து இருக்கையைக் கையால் தட்டி, ஏறு என்றார்.

மலையைக் குடைந்து ஜல்லி எடுத்த பழைய குவாரிக்குப் போகிற ரோடு அது. இப்போது வண்டி நடமாட்டம் இல்லை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் தண்ணீர் தேங்கிய பள்ளம். ஏறுகிறவரை ஒழுங்காகத்தான் போனார். முதல் வளைவுக்கு முன்னால் இண்டிகேட்டர் விளக்குப் போட்டார், கண்ணாடி பார்த்தார், காலை அழுத்தினார். எனக்கு முதுகு இருக்கையில் ஒட்டிக்கொண்டது. வளைவு முடிவதற்குள் அடுத்த வளைவு வந்தது. மறுபடி விளக்கு, கண்ணாடி, அழுத்து. முன்னும் பின்னும் ஒரு ஈ காக்கை இல்லாத ரோட்டில் அந்த மனுஷன் ஒவ்வொரு வளைவுக்கும் விளக்குப் போட்டார். அதுதான் வேகத்தைவிட என்னைப் பயமுறுத்தியது. ஈர ரோடு. காரின் பின்பக்கம் ஒரு தடவை எங்களை விட்டு விலகிப் பள்ளத்துப் பக்கம் போய்த் திரும்பி வந்தது. நான் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வலது காலால் தரையை மிதித்துக்கொண்டிருந்தேன். திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். பத்து வயது குறைந்திருந்தது. இருபது வருடமாக எதிர் வீட்டில் பார்த்த ஆள் இல்லை. யாரோ ஒருவர் அண்ணனுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு ஓட்டுகிற மாதிரி இருந்தது.

நிறுத்துங்க அண்ணே என்று எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது. மேலே போய் நிறுத்தினார். அப்போதும் ஒரு நிமிஷம் எஞ்சினை ஓடவிட்டார். முதல் வாரத்தில் கேட்ட கேள்விகளெல்லாம் பயத்தில் கேட்டவை என்று நாங்கள் நினைத்திருந்தோம். ஆசைப்பட்டவனும் அதே கேள்விகளைத்தான் கேட்பான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"இருபத்தாறு வருஷமா நான் எங்கயுமே சீக்கிரம் போய்ச் சேந்ததில்லடா," என்றார். "நிறுத்தம் நிறுத்தமா நின்னு நின்னுதான் போயிருக்கேன். முதல் புதன்கிழமை சும்மாதான் மிதிச்சுப் பாத்தேன். அப்புறம் அடுத்த புதன் எப்ப வரும்னு இருந்துச்சு."

பெண்ணின்மேல் பழி விழுந்தபோது ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டேன்.  நானும் அந்தக் கேள்வியைக் கேட்க யோக்கியதை உள்ளவனா என்ன. விசிறி ஓடி நின்றது. தூறல் கண்ணாடியில் விழுந்துகொண்டிருந்தது. அப்புறம் அவராகவே சொன்னார்.

"இந்தக் காரோட போயிருந்தா பரவால்லடா. நேத்து பஸ்ஸுல, பெரிய இறக்கத்துல வரேன். கீழ நிறுத்தம். ஸ்கூல் பசங்க நிக்குதுங்க. பிரேக்குல கால் வெக்கணும். வெக்கல. எங்க மிதிக்கணும்னு எனக்குத் தெரியும், கால் போக மாட்டேங்குது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு நிக்குது. கடைசியில வெச்சேன். பாதி பஸ் தாண்டித்தான் நின்னுச்சு. பசங்க பின்னால குதிச்சுட்டாங்க. உள்ள இருந்தவங்க சிரிச்சாங்க, அண்ணனுக்கே தூக்கம் வந்துடுச்சுன்னு. நான் மட்டும் சிரிக்கல."

சொல்லிவிட்டு ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் மறுபடி பிடித்துக்கொண்டார்.

நாளைக்கு டியூட்டி உண்டா என்று கேட்டேன். ஐந்தே முக்காலுக்கு முதல் வண்டி என்றார். அறுபது பேர் ஏறுகிற வண்டி. 

நான் இறங்கி நடந்தே வருகிறேன் என்றேன். முப்பதைத் தாண்டமாட்டேன் என்று பெண்ணின்மேல் ஆணையிட்டார். தாண்டவில்லை. வரும் வழியில் என்ன செய்வதென்று யோசித்தேன். எனக்குத் தெரிந்தது ஒரே வேலை. கடைக்கு வந்ததும் காரை ஜாக்கில் தூக்கி நாலு சக்கரத்தையும் கழற்றி உள்ளே போட்டுப் பூட்டினேன். அவர் பார்த்துக்கொண்டே நின்றார். தடுக்கவில்லை. பஸ்ஸுக்கு நான் என்ன செய்யமுடியும், அதை நீங்கள்தான் செய்யவேண்டும், வாங்க அண்ணிகிட்ட என்றேன்.

"வேற எது வேணா சொல்லு. அவகிட்ட மட்டும் வேண்டாம். அவளுக்கு நம்பறதுக்குன்னு இருக்கறது நான் ஒருத்தன்தான்."

அது நியாயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் தெருவைத் தாண்டி நடந்தேன். கொஞ்சம் நின்றுவிட்டு அவரும் பின்னால் வந்தார்.

அண்ணி மெஷினில் ஒரு நீளத் திரைச்சீலையின் ஓரத்தை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தார். துணி அவர் மடியிலிருந்து இறங்கித் தரையெல்லாம் கிடந்தது. எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "டயர் பாத்தீங்களா தம்பி? இப்ப எப்படி இருக்கு பாருங்க. அவர் கைல இருந்தா அதுவும் ஒழுங்கா இருக்கும்," என்றார்.

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் துணியை மிதிக்காமல் ஓரமாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வேகமா ஓட்டினது அவ இல்ல. நான்தான்," என்றார். "அப்பவும் நான்தான், இப்பவும் நான்தான்."

அண்ணி என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். பெண் நடந்து போவதைப் பார்க்கச் சகிக்கவில்லை, அதனால் பழியைத் தான் ஏற்றுக்கொள்கிறார், பெற்ற மனசு என்றார். காலால் மறுபடி மெஷினை மிதிக்க ஆரம்பித்தார். டயரைப் பற்றி நான் சொன்னேன். நீங்களும் இவரோடு சேர்ந்துகொண்டீர்களா என்று கேட்டார். அன்றைக்கு ஒரு தலையாட்டலில் நம்பியவர், இன்று நான் கெஞ்சியும் நம்பவில்லை.  இவர் நம்பாவிட்டால் அண்ணன் பெருமூச்சு விட்டுவிட்டு எழுந்துபோய் நாளைக் காலை சீருடையைப் போட்டுக்கொள்வார் என்று பட்டது.

அண்ணன் எழுந்திருக்கவில்லை. இறக்கத்தைப் பற்றிச் சொன்னார். என்னிடம் சொன்னது போலவேதான், கால் போகாததையும் பிள்ளைகள் பின்னால் குதித்ததையும் சொன்னார்.

மெஷின் நின்றது.

"என்னைக்கு?" என்றார் அண்ணி.

"நேத்து."

"எத்தனை மணி வண்டி?"

"நாலே கால்."

அண்ணி ஊசிக்கு அடியிலிருந்து துணியை மெதுவாக உருவினார். நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். துணியை மடிக்க ஆரம்பித்து, பாதியில் அப்படியே வைத்துவிட்டார்.

"அதுல நான் இருந்தேன்," என்றார். "நூல் வாங்கிட்டுப் பின்வாசல்ல ஏறினேன். கூட்டம், நீங்க பாக்கல. தாண்டி நின்னதும் எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு வயிறு கலங்கிடுச்சு. நீங்க ஓட்டி ஒருநாளும் அப்படி ஆனதில்ல. அவர்தானே ஓட்டறாருன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு நானும் சிரிச்சேன்."

 அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணிக்குக் கண்ணீர் வரவில்லை, முகம்தான் சின்னப் பிள்ளை முகம் மாதிரி ஆகிவிட்டது. "அந்தப் பொண்ண அஞ்சு வாரம் மழையில நடக்க விட்டேனே," என்று தனக்குத்தானே சொன்னார். அதில் பாதி எனக்குச் சேரவேண்டியது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்புறம் அண்ணி எழுந்துபோய்ப் போனை எடுத்துவந்து அவர் கையில் வைத்தார். டிப்போவில் டியூட்டி போடுகிறவர்தான் எடுத்தார். நாளை முதல் வண்டிக்கு வேறு ஆளைப் போடுங்கள், நான் இனி ஓட்ட வரவில்லை, வேறு ஏதாவது வேலை கொடுங்கள் என்றார் அண்ணன். அந்தப் பக்கம் சிரிக்கும் சத்தம் எங்களுக்கே கேட்டது. என்ன விளையாட்டு இது, உங்களைப் பார்த்துத்தான் புது ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம், காய்ச்சலா, காலில் அடியா, காரணம் என்ன எழுதிக்கொள்வது என்று கேட்டார் அவர்.

அண்ணன் போனைக் காதிலிருந்து எடுக்காமலே அண்ணியைப் பார்த்தார். அண்ணி அவருக்குப் பக்கத்தில் தரையில், கலைந்து கிடந்த துணிமேலேயே உட்கார்ந்திருந்தார். இவ்வளவு வருடமாகத் தான் மட்டுமே வைத்திருந்ததை இப்போது அண்ணனுக்கும் பங்கு கொடுக்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார்.

"பயமா இருக்குன்னு சொல்லுங்க."

அண்ணன் சொன்னார்.